அனுப்பும் கை

ஜனவரி. விடிய இன்னும் நேரமிருக்கிறது. மேரிலாந்தின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஓர் ஓடை. நாணல் வேய்ந்த மறைப்புக்குள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும். நடுவில் அவருடைய கறுப்பு லாப்ரடார். துப்பாக்கி அவரிடம் மட்டும். நான் நாயைப் பார்க்க வந்தவன்.

சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதுதான் சுடத் தொடங்கலாம் என்பது இங்கே சட்டம். அதுவரை யாரும் பேசுவதில்லை. நாயின் விலா என் முழங்காலில் பட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு நடுக்கம் ஓடுகிறது. குளிரால் அல்ல.

*

மூன்று வாத்துகள் தாழ வந்தன. வெடிச்சத்தம். ஒன்று நீரில் விழுந்தது. நாய் அசையவில்லை, கண் மட்டும் விழுந்த இடத்திலேயே நிலைத்துவிட்டது. பெரியவர் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். பிறகு நாயின் பெயரைச் சொன்னார். மறுகணம் அது தண்ணீரில் இருந்தது.

கவ்விவரும் நாய்களைப் பெரும்பாலும் இப்படித்தான் பழக்குகிறார்கள். பெயரே கட்டளை. காலையெல்லாம் தன் பெயர் காதில் விழக் காத்திருக்கிறது ஒரு ஜீவன்.

இந்த அசையாமைக்குப் போட்டிகளில் மதிப்பெண் உண்டு. மறைப்புக்குள் அது உயிர்க்காப்பு. தண்ணீரை ஒட்டிப் பறக்கும் பறவையைக் குழல் தொடர்கிறபோது, ஆசை தாளாமல் துள்ளும் நாயின் தலை குழலுக்கு நேரே வந்துவிடும். ரவை படாவிட்டாலும், தலைக்கு மேல் வெடிக்கும் ஓசை வருடக்கணக்கில் செவியைத் தின்கிறது. விசிலுக்குத் திரும்பாத கிழட்டு நாயைப் பிடிவாதம் பிடித்தது என்று ஒருவர் திட்டக் கேட்டிருக்கிறேன். பாவம், அதற்குக் கேட்டிருக்காது.

*

பெரியவரின் வீட்டில் சட்டமிட்ட ஒரு முத்திரை வில்லை உண்டு. நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய வில்லை அது; 1934 முதல் வருகிறது. வழக்கமாக வாத்தோ வேறு நீர்ப்பறவையோ இருக்கும். 1959-இல் மட்டும் கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார், வாயில் ஒரு வாத்தோடு. 1952, 1953 இரண்டு ஆண்டும் தேசியப் போட்டியில் வென்ற நாய். கவ்விவரும் நாய்களால் வேட்டைப்பறவை வீணாகாது என்ற பொருளில் ஒரு வரியும் அதில் அச்சாகியிருக்கிறது. உண்மைதான். அடிபட்டு நாணலுக்குள் ஒதுங்கும் பறவையை மனிதக் கண் தேடிப் பிடிக்காது. நாய் இல்லையென்றால் அது அங்கேயே கிடந்து மெல்லச் சாகும்.

அதனால்தான் நாயை அனுப்புவது சரியா தவறா என்பதில் எனக்கு எளிதாக ஒரு பக்கம் சாய முடியவில்லை.

*

நான் அதிகம் அஞ்சுவது தண்ணீருக்கடியில் நிற்கும் குச்சியை. கரையிலிருந்து நாய் பாய்ந்து விழுகிறது. மூழ்கிய மரத்தின் முறிந்த கிளை மார்பில் ஏறுகிறது. வெளியே பார்த்தால் ஒரு நாணயம் அளவு துளை, ரத்தமும் அதிகமிராது. உள்ளே நெஞ்சுக்கூடு வரை போயிருக்கலாம். மரத்துணுக்கு தங்கிப் பின்னால் சீழ் வைக்கலாம். நாயோ பறவையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததற்கு வானத்தைப் பார்க்கிறது. இந்த நாய்க்குப் போட்டிருக்கும் தடித்த ரப்பர் அங்கி குளிருக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

முள்கம்பி, சிப்பி ஓடு, திடீரென்று திரும்புகையில் அறுந்துபோகும் முழங்கால் தசைநார், குளிர்நீரில் நீந்திய மறுநாள் துவண்டு தொங்கும் வால். வால் சில நாள் ஓய்வில் தேறிவிடும். முழங்கால் அப்படியல்ல.

சில லாப்ரடார்களுக்குப் பிறப்பிலேயே ஒரு குறை. உற்சாகம் உச்சத்தில் இருக்க, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் பின்னங்கால்கள் வலுவிழந்து மடியும். சில அங்கேயே இறந்தும் போகின்றன. காரணமான மரபணுவை 2008-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். இன்று சோதித்துப் பார்க்கலாம். பின்கால் இழுபடும்போதும் பந்தை நோக்கியே போகும் அப்படிப்பட்ட ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். நிறுத்த வேண்டியது நாம். அதற்கு நிற்கத் தெரியாது.

*

ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு வாத்து விழுந்தது. இம்முறை ஓடையின் அக்கரைப் பக்கம், மெல்லிய பனிக்கட்டி விளிம்புக்கு அப்பால். இறகு ஒன்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

நாய் பார்த்தது. பிறகு பெரியவரைப் பார்த்தது. அவர் பனிக்கட்டியைப் பார்த்தார். நீந்திப் போய் விளிம்பில் கால் வைத்தால் உடையும், உடைந்த இடத்தில் ஏற முடியாது, அடியில் நீரோட்டம்.

பெயரைச் சொல்லவில்லை. நாயை என்னிடம் கொடுத்துவிட்டு, எழுபது வயதில், உயிர்க்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு படகைத் தள்ளினார். துடுப்பால் பனிக்கட்டியை உடைத்து உடைத்துப் போய் வர அரை மணி ஆயிற்று. அவ்வளவு நேரமும் என் பிடிக்குள் நாய் முனகிக்கொண்டே இருந்தது. தன் வேலையை வேறொருவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு.

*

வண்டியின் பின்கதவைத் திறந்து நாயை ஏற்றினார். கையுறையைக் கழற்றினார். காதுகளுக்குள், அக்குளில், மார்பில், அடிவயிற்றில் என்று விரல்களை மெதுவாக ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஈர முடிக்குள் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும் என்றார்.

வலது முன்பாதத்தில், விரல்களின் இடுக்கில், கை நின்றது. அரை அங்குல வெட்டு. எப்போது பட்டதென்று இருவருக்கும் தெரியவில்லை. நாய் ஒருமுறைகூட நொண்டவில்லை. அவர் கழுவக் கழுவ, அது அவருடைய தோளுக்கு மேலாக ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.