காத்திருக்கும் நாள்களின் மகிழ்ச்சி

ஒரு நன்மை முழுதாகக் கைக்கு வந்து சேருமுன் அதை எண்ணி மகிழ்வது முறைதானா என்னும் கேள்வி மிகப் பழையது. நெல் களத்துக்கு வந்தபின் மகிழ்பவனே விவேகி என்பர் ஒருசாரார். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. கதிர் முற்றும் வேளையில் பெய்கின்ற ஒரே மழையில் வயல் முழுவதும் சாய்ந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆயினும் பயிர் சூல்கொண்டு நிற்கும் காலைப்பொழுதில் வரப்பில் நின்று நோக்கும் உழவனின் முகம் மலராமல் இருந்ததுண்டா? அந்த மலர்ச்சி அறியாமையா, அன்றி அவன் உழைப்புக்கு உரிய கூலியில் ஒரு பகுதியா?

பயிருக்கும் மேகத்துக்கும் பெண்ணுக்கும் சூல் என்னும் ஒரே சொல்லை வழங்கிவருவது நம் மொழி. ஆதலின் இக்கேள்வியைப் பிள்ளைத்தாய்ச்சிகளின்பால் திருப்பிப் பார்ப்பது பொருந்தும். அதிலும் அவர்கள் தமக்கென உடை வாங்கும் செயலை எடுத்துக்கொள்வோம். இதென்ன அற்ப விஷயம் என்று புன்னகைப்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

நம் ஊர்களில் இது துணிக்கடை வரைக்கும் போகின்ற விவகாரமே அன்று. புடவை தைக்கப்படாத ஆடை. கொசுவத்தில் இரண்டு மடிப்பைக் குறைத்துக்கொண்டால் ஐந்தாம் மாதம் கழியும்; இன்னும் இரண்டைக் குறைத்தால் ஒன்பதாம் மாதமும் கழிந்துவிடும். பேறு முடிந்தபின் மடிப்புகள் பழையபடி திரும்பிவிடுகின்றன. குளிர்நாடுகளின் நிலை வேறு. அங்கே உடை என்பது அளவெடுத்துத் தைக்கப்பட்டது. பொத்தானும் பட்டையும் உடலை வரையறுத்து நிற்கின்றன. ஜூலையில் பிள்ளை பெறவிருக்கும் பெண்ணுக்கு, குளிர் இன்னும் முழுதாக அகலாத மார்ச் மாதத்தில் ஒருநாள், கம்பளி மேலங்கியின் பொத்தான் பூட்ட மறுக்கிறது. அன்று அவள் கடைக்குப் போயே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வாழும் எங்கள் உறவுப் பெண்ணொருத்திக்கு இந்நிலை வாய்த்தது. முதற்பேறு. கடைக்குப் புறப்படுவதாகத் தொலைபேசியில் சொன்னபோது ஊரிலிருந்த அவளுடைய உம்மா, "இப்பவே ஒன்றும் வாங்காதேம்மா, எல்லாம் நல்லபடியா முடியட்டும்" என்று தடுத்துவிட்டார்.

இதைக் கண்ணேற்றுக்கு அஞ்சும் கிழவிகளின் பேச்சென்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. உண்டானதாக அறியப்பட்ட கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை நிலைக்காமற் போகின்றன என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்திற்குள் கலைந்துவிடுகின்றன எனினும், அதன்பின்னும் அச்சம் அடியோடு நீங்குவதில்லை. பழைய தலைமுறைத் தாய்மார் இந்தக் கணக்கை எந்த நூலிலும் படித்தவர்கள் அல்லர்; தங்கள் வீட்டுத் திண்ணைகளில் இருந்தே அறிந்தவர்கள். வெறுமையான தொட்டிலையும் அணியப்படாத சிறு சட்டையையும் கண்ணால் கண்டவர் "வேண்டாம்" என்று சொல்வது, மகளின் மனத்தில் விழக்கூடிய அடியைத் தம் கையால் தாங்கிக்கொள்ளும் முயற்சியே ஆகும்.

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையேயும் குழந்தை பிறக்குமுன் அதற்கெனப் பொருள் வாங்கி வீட்டில் வைக்கலாகாது என்னும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வியப்பு யாதெனில், கர்ப்பகால உடையைக் கடைச்சரக்காக ஆக்கிய பெண்மணி அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர். லித்துவேனியாவிலிருந்து 1895-இல் இளம்பெண்ணாக நியூயார்க்குக்கு வந்த லீனா, டேவிட் பிரையன்ட் என்னும் நகை வியாபாரியை மணந்து, கைக்குழந்தையுடன் விதவையானார். கணவர் அளித்த வைரக் காதணிகளை அடகுவைத்துத் தையல் இயந்திரம் வாங்கினார் என்பது அவரது வரலாற்றில் எல்லாரும் கூறும் செய்தி. 1904-இல் அவர் திறந்த கடைக்கு 'லேன் பிரையன்ட்' என்று பெயர் அமைந்தது, வங்கித் தாளில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையால். வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இடுப்பில் எலாஸ்டிக் பட்டையும் கீழே நெருங்கிய மடிப்புப் பாவாடையும் கொண்ட ஓர் உடையைத் தைத்துக் கொடுத்தார். வயிறு வளர வளர மடிப்பும் விரியும். புடவைக் கொசுவத்தின் தத்துவமேதான், கொஞ்சம் சுற்றிவளைத்து வந்து சேர்ந்திருக்கிறது!

உடை தைப்பது எளிதாயிருந்தது. அதைப் பற்றிப் பேசுவதுதான் இயலவில்லை. நியூயார்க் நாளேடுகள் இத்தகைய உடைக்கு விளம்பரம் வெளியிட மறுத்தன. மாண்புடைய பெண் அக்காலத்தில் வெளியே தலைகாட்டலாகாது என்பதே பொது மனப்பான்மை. 1911-இல் தான் 'நியூயார்க் ஹெரால்டு' இசைந்தது. விளம்பரம் வந்த மறுநாளே கையிருப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்ததென்பர். அத்தனை பெண்கள் அத்தனை நாளும் கதவுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் கழிந்து 1952-இல், 'ஐ லவ் லூசி' என்னும் தொலைக்காட்சித் தொடரின் நாயகி உண்மையிலேயே கருவுற்றிருந்தபோதும், 'கர்ப்பிணி' என்னும் சொல்லை மட்டும் உச்சரிக்க அந்நிறுவனம் அனுமதிக்கவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். லீனா தைத்தது யாருக்கான உடை? குழந்தைக்கானது அன்று, தாய்க்கானது. "பிறக்குமுன் வாங்காதே" என்னும் முன்னெச்சரிக்கை இன்னும் வந்துசேராத ஒருவரைப் பற்றியது. ஆனால் தாய் வந்துசேர்ந்தவள். இன்றைக்கு இங்கே நிற்பவள். குளிர்காற்று படுவது அவள் மேல். பூட்டாத பொத்தானும் அவளுடையது. அவளுக்கு உடை வாங்குவதை நாளைய நிச்சயமின்மையோடு முடிச்சுப்போடுவது எவ்வாறு பொருந்தும்? இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. கருவுற்ற நாள் முதல் அவளை ஓர் ஆளாகக் காணாமல், ஒரு பொருளைப் பத்திரமாகச் சுமந்துவரும் கலமாகக் காணத் தொடங்கிவிடுகிறோம். கலத்துக்கு ஏது குளிர், ஏது அழகு, ஏது ஆசை?

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைக் குர்ஆன் கூறும் இடத்தை இங்கு நினைவுகூர்வது தகும். யாருமற்ற இடத்தில், ஊரார் என்ன சொல்வரோ என்னும் துயரத்தில் இருந்த அந்த அன்னைக்கு அவ்வேளையில் அருளப்பட்டவை ஆறுதல் மொழியும், ஓடும் நீரும், கனிந்த பேரீச்சம்பழமும். உண்பதும் பருகுவதும் கண் குளிர்வதும் அன்னைக்கே உரியனவாக அங்கே பேசப்படுகின்றன.

அந்த நாட்டுக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. உடுத்திப் பார்க்கும் சிற்றறையில் பட்டை வைத்த ஒரு சிறு தலையணை தொங்கும். ஐந்தாம் மாதத்துப் பெண் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு அதன்மேல் உடையை அணிந்தால், எட்டாம் மாதத்தில் அது எவ்வாறு பொருந்தும் என்பது விளங்கும். எங்கள் உறவுப் பெண்ணும் உம்மாவிடம் சொல்லிவிட்டே பின்னொரு நாள் போனாள். அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன என்று எழுதியிருந்தாள். வருங்காலத்தை ஒரு நிமிடம் கட்டிப்பார்த்துவிட்டு அவிழ்த்து ஆணியில் மாட்டுவதென்பது எளிய காரியமா என்ன! அவிழ்த்தபின் எஞ்சியது அவளுடைய ஐந்தாம் மாத வயிறு. அதற்குப் பொருந்துகின்ற ஒரு மேலங்கியும் இரண்டு கால்சட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே இளவேனில். நம் நாட்டில் அச்சொல் சித்திரை வைகாசியின் வெயிலைக் குறிக்கும். நாம் நிழலைத் தேடி உள்ளே போகும் காலம் அது. அங்கோ, நான்கு மாதம் கதவடைத்து வாழ்ந்தவர்கள் வெளியே வரும் காலம். மார்ச்சில் பகற்பொழுது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. உருகும் பனியின் ஓரத்தில் குரோக்கஸ் என்னும் சிறுபூ முதலில் தலைகாட்டுகிறது; பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கிறோமே, அந்தக் குங்குமப்பூவின் இனம். வெயில் பட்டால் விரியும், குளிர் கூடினால் குவிந்துகொள்ளும். வயிற்றில் முதல் அசைவு தெரியத் தொடங்கிய பெண் மெல்ல நடந்துபோய்ப் பூங்காவின் பலகையில் அமர்ந்து முகத்தை வெயிலுக்குக் காட்டுகிறாள். மசக்கை நீங்கிவிட்டது, நடை இன்னும் கனக்கவில்லை. நாற்பது வாரத்தில் இப்படிப்பட்ட வாரங்கள் சிலவே.

அந்த வெயிலையும் நம்ப முடியாது. 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க்கில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. இளவேனில் வந்துவிட்டதென்று எண்ணியிருந்தவர்கள் மீண்டும் கம்பளியைத் தேடினார்கள். ஆனால் அதற்கு முந்திய வெயில் நாள்கள் பொய்யாகிவிட்டனவா? பலகையில் அமர்ந்திருந்தவர்களின் உடல் பெற்ற வெம்மையைப் பனி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையே.

நான்கு மாதமே அணியக்கூடிய உடைக்குப் பணம் செலவிடுதல் வீண்விரயம் அன்றோ என்று கேட்பவர்க்கு நீண்ட விடை தேவையில்லை. ஒரே நாள் அணிந்து பெட்டியில் பூட்டும் கல்யாணப் பட்டை நாம் விரயம் என்று சொல்வதில்லை. அளவோடு வாங்கிய கர்ப்பகால உடை தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கைமாறிக்கொண்டே போகும். இத்துறையில் பேர்பெற்ற இன்னொரு பெண்மணி, டல்லஸ் நகரத்து எல்சி ஃபிராங்க்ஃபர்ட், 1938-இல் வயிற்றுப் பகுதியில் திறப்பு வைத்த பாவாடையை உருவாக்கியதே தம் சகோதரிக்காகத்தான்.

மிஞ்சி நிற்பது கடினமான வினா ஒன்று. கரு நிலைக்காமற் போன வீட்டில் அலமாரியில் தொங்கும் அந்த உடை என்ன சொல்லும்? அவசரப்பட்டாய் என்று அவளைக் குத்திக்காட்டாதா? குத்தும், அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் உடை வாங்காதிருந்தவளின் துயரம் ஒரு மாற்றுக் குறைந்ததாக யாரும் கண்டதில்லை. மகிழாமல் இருந்து சேமித்துவைத்த மகிழ்ச்சியைக் கொண்டு எந்தத் தாயும் இழப்பை ஈடுசெய்ததில்லை. துயருற்ற பெண்ணிடம் போய், "முன்கூட்டியே மகிழ்ந்தாயே" என்று சாடையாகச் சொல்லும் உறவினர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தச் சொல்தான் உடையைக் குற்றப் பொருளாக்குகிறது. அது சொல்லப்படாத வீட்டில் அவள் அந்த மேலங்கியை அடுத்த குளிருக்கு அணிந்துகொள்ளவும் கூடும், யாருக்கேனும் கொடுத்துவிடவும் கூடும். எதைச் செய்வதென்று முடிவு செய்ய வேண்டியவள் அவளே.