வன்னிச் சிறாரின் சித்திரமும் இயற்கையும்

இரண்டு மலைகள், அவற்றிடையே எழும் ஞாயிறு, அடிவாரத்தில் ஓர் ஆறு: இயற்கைக் காட்சி வரைக எனின் நம் பாடசாலைச் சிறார் பலர் தீட்டுவது இதுவே. வன்னியோ பெரும்பாலும் சமதரை. குளக்கட்டையும் பாலை மரத்தையும் நாள்தோறும் காணும் பிள்ளை, காணாத மலையை வரைகின்றது எனின், அதன் கண்ணுக்கும் கைக்கும் இடையே பிறர் வரைந்த படமொன்று புகுந்துவிட்டது என்பதே பொருள். மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைக் கலைவழி சிறார் ஆராயுமாறு செய்வது எங்ஙனம் என்னும் வினா இங்கேயே எழுகின்றது.

இயற்கையை நேசிக்கக் கற்பித்தலே சித்திரக் கல்வியின் பயன் என்பர் சிலர். நோக்கம் நன்று, ஆயின் அன்பைக் கட்டளையிட்டுப் பெறுதல் கூடுமோ? யானை புகுந்து வயலழித்த வீட்டுப் பிள்ளையிடம் யானையை நண்பனாக வரையுமாறு கூறுதல், அதனைப் பொய்யுரைக்கத் தூண்டுவதாகும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் பெரிதும் இடருற்றனர். அவ்வெள்ளத்தைக் கண்ட பிள்ளைக்கு நீர் அழகு மட்டுமன்று. 2009இல் போர் முடிந்த பின்னரும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோடு சேர்த்தே காட்டை அறிந்த சிறார் உளர். அவ்வச்சத்தை அங்கு விதைத்தவன் மனிதனே. பலகையோடு காட்டை வரையும் பிள்ளை, பெரியோர் பேசத் தயங்கும் உறவொன்றையே வரைகின்றது.

அச்சத்தை வரைவிப்பது அச்சத்தை வளர்க்காதா என வினவலாம். வற்புறுத்தி வரைவித்தால் வளர்க்கும்; பிள்ளை தானே தேர்ந்து வரைய, பெரியவர் அருகிருந்து பொறுமையோடு கேட்பின் நிலை வேறு. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிப்புற்ற சிறார்க்குச் சித்திரம், களிமண், கதை ஆகியவற்றோடு மரமும் விலங்கும் சூழ்ந்த இடத்தையும் அளித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இரணைமடுக் குளத்தை இயற்கை என்றே சிறார் வரைவர். அது கனகராயன் ஆற்றை மறித்து மனிதர் கட்டியது. எனினும் பறவைக்கும் மீனுக்கும் அது உறைவிடம், வயலுக்கு உயிர். துருசையும் வாய்க்காலையும் கூர்ந்து நோக்கி வரையும் பிள்ளை, நீரைத் தேக்கும் கையே அதனைப் பங்கிடும் கடமையும் உடையது என்பதை உணரத் தொடங்கும். அறவுரை கூறி இதனைப் புகட்டல் அரிது.

ஆதலின் ஆசிரியர் முதற்கண் செய்யத்தக்கது, கரும்பலகையில் மாதிரிப் படம் வரைவதை நிறுத்தி, மாணவரைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்வதே. அங்கு அவர்கள் வரைவது அழகற்றதாயினும் ஆகுக. அது அவர்கள் கண்டதாக இருத்தல் வேண்டும். கண்டதை மறையாது வரையப் பழகியவனே, பின்னாளில் காடு வெட்டப்படும்போதும் குளம் தூர்க்கப்படும்போதும் அதனைக் காணாதவன்போல் கடந்து செல்லான்.