நாகபட்டினத்துச் சூளாமணி விகாரம்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் அன்பர்களே,

தஞ்சமயத்தில் உறுதியுடையார் பிற சமயத்தாரை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்று மாணாக்கர் வினவுவாராயின், நாம் நீண்ட தருக்கஞ் சொல்ல வேண்டுவதில்லை. நாகபட்டினத்து மண்ணே விடை கூறும்.

1856-ஆம் ஆண்டிலே அந்நகரில் யேசுசபைக் குருமார் நிலத்தை அகழ்வித்தபொழுது புத்தப் பிரதிமைகள் சில வெளிப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகளாக அங்கே கிடைத்த திருவுருவங்கள் 300-க்கு மேற்பட்டன. மக்கள் குடியிருந்து வாணிகஞ் செய்யும் ஊரின் கீழே, பிக்குகள் உறைந்த பெரும்பள்ளியின் சுவடு மறைந்து கிடந்தமை புலனாயிற்று.

அப்பள்ளியின் வரலாற்றை லெய்டன் செப்பேடுகள் என வழங்குஞ் சோழர் சாசனங்கள் உணர்த்துகின்றன. கடாரத்தரசனாகிய சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்தமையின் அது சூளாமணி விகாரம் எனப்பட்டது. அதற்கு 1006-இல் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக ஈந்தவன் யாவன்? தஞ்சையிலே பெருங்கோயிலெடுத்துச் சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்ட இராசராசனே! ஏறக்குறைய 8,900 கலம் நெல் வருவாயுடைய அவ்வூரின் எல்லையைப் பிடியானையை நடத்தி வரையறுத்தனர். தந்தை வாய்மொழியாற் கொடுத்ததை மைந்தனாகிய இராசேந்திரன் நிலைபெறச் செய்தான்.

பின்பு 1025 அளவிலே அவ்விராசேந்திரனே கடாரத்தின்மேற் படை செலுத்தினான். அரசர்க்குள்ளே பகை மூண்டும் அறக்கொடை அழிந்திலது. 1090-இல் முதற்குலோத்துங்கன் அவ்விகாரத்திற்குரிய ஊர்களின் உரிமையை மீண்டும் உறுதிசெய்தான்.

போரிலும் அழியாத அறம் பேணுவாரை இழந்தபொழுது மண்ணுள் மறைந்தது. அந்நகரிலே தனித்து எஞ்சிநின்ற பௌத்தர் பழங்கோபுரமும் 1867-இல் அரசினர் அனுமதியோடு இடிக்கப்பட்டது. கோயில்கள் இடியுண்ட துயரத்தைப் பறங்கியர் காலத்திலே அனுபவித்த நாம் இவ்விழப்பின் அருமையை அறியேமோ?

நமது யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் பௌத்தச் சின்னங்கள் உள. நிலத்தினின்று எழும் பழம்பொருளைச் சிலர் வழக்கிற்குக் கருவியாக்குவர். சிலர் அஞ்சி மறைப்பர். இரண்டும் உண்மைக்கு ஊறாம். மாணாக்கன் ஒருவன் தோட்டத்தைக் கொத்தும்போது ஓருருவங் காண்பானாயின், அஃது எச்சமயத்ததாயினும் சிதையாது உரியாரிடம் அறிவிக்குமாறு அவனைப் பழக்குமின். சிவநேசத்திற் குறைவின்றியே பிறர் பள்ளிக்கு ஊரீந்த வேந்தனை அவனுக்குக் காட்டுமின். அவ்வேந்தனது பெருங்கோயிலை மாத்திரம் புகழ்ந்து இக்கொடையை மறைப்பேமாயின், நாங் கற்பிப்பது பாதி இராசராசனையே.

திருச்சிற்றம்பலம்.