நாளையிலிருந்து



எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. "மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை நீங்க நடந்துதான் செய்யணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நாளையிலிருந்து நடக்கிறேன்" என்றேன். அந்த நாளை வருகிறதற்கு மூன்று வருஷத்துக்குமேல் ஆயிற்று. மழை, பனி, உபவாசக் கூட்டம், மகளுடைய பரீட்சை, எல்லாமே காரணங்களாயின. ஒரு புது வருஷ ஆராதனையில் தீர்மானமும் எடுத்தேன். 900 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். நாலு நாள்தான் அது காலில் ஏறியது.

வேதத்தையும் சாக்காக வைத்திருந்தேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபம் 4-ம் அதிகாரத்தில், தேவபக்தியோடு பார்த்தால் உடற்பயிற்சிக்குக் கொஞ்சம்தான் பயன் என்கிறாரே என்று வாதாடுவேன். மனைவி ஒருநாள் கேட்டாள்: "கொஞ்சம்னுதானே இருக்கு, ஒண்ணுமே இல்லன்னு இல்லையே. அந்தக் கொஞ்சத்தையாவது செஞ்சீங்களா?" என்னிடம் பதில் இல்லை.

தள்ளிப்போடுகிறது பாவமா, பலவீனமா, வெறும் சோம்பலா? நான் சோம்பேறி அல்ல. சபையில் நாற்காலி போடுகிறதிலிருந்து கணக்கு எழுதுகிறதுவரை ஓடி ஓடிச் செய்கிறவன். ஆனால் "நாளைக்கு" என்கிறபோது என் சுமையை நாளைய மனுஷன் ஒருவன் தலையில் வைத்துவிடுகிறேன். அவனுக்கு என்னைவிட நேரமும் பெலனும் அதிகம் என்று ஒரு நினைப்பு. விடிந்து பார்த்தால் அவனும் நானேதான், ஒருநாள் வயசு கூடினவன்.

அவன் மட்டுமா சுமந்தான்? போன வருஷம் என் கால்விரலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. தினமும் கட்டு மாற்றினது அவள். வேலைக்கும் போய், மருந்துக் கடைக்கும் ஓடினது அவள். என் சரீரம், என் இஷ்டம் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாயில்லை.

சரி, அந்தக் குற்ற மனசு என்னை நடக்க வைத்ததா? அதுதான் இல்லை. ஷூவைப் பார்த்தாலே வெட்கமாயிருந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவரைக் கவனித்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாய்த் தள்ளிப்போட்டார்களாம். மன்னித்தால் மனுஷன் இன்னும் கெட்டுப்போவான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டும் என் விஷயத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

புண் ஆறினது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இந்தத் தடவை தீர்மானம் ஒன்றும் எடுக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பல்ல, அதே ஷூவைப் போட்டுத் தெருமுனைவரை போய்வருகிறேன், பத்தே நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆனால் ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை 2020-ல் அவர்களே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் அசைந்தாலும் சேர்த்தி. லண்டனில் 96 பேரை 84 நாள் கவனித்த இன்னொரு ஆய்வில், ஒரு பழக்கம் தானாய் வருகிறதற்கு நடுத்தரமாய் 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு. இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய மோசம் வந்துவிடவில்லை என்றும் கண்டார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். முன்பெல்லாம் ஒருநாள் விட்டால் அந்த மாதமே போய்விடும்.

இன்றைக்கு 41-வது நாள். காலண்டரில் மூன்று நாள் காலியாய்க் கிடக்கிறது, அதை நான் அடித்து மறைக்கவில்லை. நேற்று ராத்திரி தட்டைக் கழுவி வைக்கையில், "ஏங்க, நானும் வரட்டுமா?" என்றாள். பத்து நிமிஷம் இருபதாகிவிட்டது.