பானட்டைத் திறங்கள்!

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, மெக்கானிக்தான் பார்க்கணும்." ஐந்தாண்டுக் கடனில் கார் வாங்கத் துணிந்தவர் சொல்கிறார் இதை. வீட்டுக் கல்யாணத்தையே தனியாளாக நின்று நடத்தி முடித்தவர் சொல்கிறார். பானட் முன்னால் வந்ததும் கை பின்னால் போய்விடுகிறது. இது உங்களால் ஆகாது என்று யார் சொன்னது?

ஸ்பார்க் பிளக் மாற்றுவதைத்தான் சொல்கிறேன். எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி கக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இடைவெளியைப் பல்லாயிரம் வோல்ட் தாண்டுகிறது. தாண்டத் தாண்ட முனை தேய்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுப்பதற்கும், மேட்டில் பிக்கப் இல்லாமல் திணறுவதற்கும், மைலேஜ் குறைவதற்கும் பல நேரம் இந்தத் தேய்மானமே காரணம். சாதாரண நிக்கல் பிளக் சுமார் 30,000 கிலோமீட்டர் தாங்கும். இரிடியம் பிளக் 1,00,000 வரைகூட வரும். உங்கள் காருக்கு எந்த பிளக், எப்போது மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் அச்சாகியிருக்கிறது. உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறதே, அந்தப் புத்தகம். எடுத்துப் படியுங்கள்!

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு மோட்டார் வண்டியில் கிளம்பினார். கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லவில்லை. ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தாய்வீடு சுமார் 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பொறி கொடுக்கும் ஒயரின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். கார் மெக்கானிக் என்றொரு தொழிலே அன்று இல்லை. உங்களிடமோ பிளக் ஸ்பேனர் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. தயங்க என்ன இருக்கிறது?

800 சி.சி. ஆல்டோவில் மொத்தமே மூன்று பிளக். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிளக் மட்டும். அப்போதுதான் ஒயர் இடம் மாறாது. கழற்றும் முன் பள்ளத்திலுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள். அது சிலிண்டருக்குள் விழக்கூடாது. முரண்டு பிடித்தால் வெறிகொண்டு முறுக்காதீர்கள். சற்று உள்ளே திருப்பி மறுபடி வெளியே கொண்டுவாருங்கள். (சில கார்களில் பிளக்கை மேனிஃபோல்டு மறைத்திருக்கும். அது பெரிய வேலை, முதல் முயற்சிக்கு வேண்டாம்.)

பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியம். புது பிளக் கோணலாக ஏறினால் திரெட் போய்விடும். அதனால் முதல் சுற்றுகளை ஸ்பேனர் வைக்காமல், விரலாலேயே ஏற்றுங்கள். ஒரு துண்டு ரப்பர் குழாயில் செருகிச் சுழற்றினால் இன்னும் நல்லது. கோணலானால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். வாஷர் உள்ள புது பிளக் என்றால், விரலுக்கு இறுகியபின் ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்றே கூடுதல். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவு. அதற்குமேல் பலம் காட்ட வேண்டாம். இங்கே வேண்டியது புஜபலம் அல்ல, விரல் நுனியின் கவனம். அது உங்களிடம் இருக்கிறது!

கழற்றிய பிளக்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துப்போயிருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அப்புறம் மெக்கானிக்கிடம் போங்கள், தாராளமாகப் போங்கள்! ஆனால் "ஏதோ சத்தம் வருதுங்க" என்று கைபிசைந்து நிற்காமல், "இரண்டாவது சிலிண்டர்ல ஆயில் வருது" என்று சொல்லுங்கள். அவர் உங்களிடம் பேசும் விதமே மாறும். அவருக்கும் ஒரு முதல் பிளக் இருந்தது.

வருகிற ஞாயிறு காலை முதல் பிளக்கை நீங்கள் மாற்றுங்கள். இரண்டாவதற்கு ஸ்பேனரை உங்கள் மகளிடம் கொடுங்கள்.