ஒன்றுக்கு இருபத்தைந்து

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஏ.எம்.டி. நிறுவனம் முதலில் கார் விற்பனையாளர்களுக்காகத்தான் சின்னஞ்சிறு மாடல் கார்களைச் செய்துகொடுத்தது. ஷோரூம் மேசையில் வைப்பதற்கான, முழுதாகச் சேர்த்து முடித்த கார்கள் அவை. 1958-ல் அந்த நிறுவனம் காரைப் பிரித்த நிலையில் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே செய்யலாம், அலங்கார மாற்றங்களோடு செய்யலாம், பந்தயக் காராகவும் செய்யலாம் என்று மூன்று வழிகளை ஒரே பெட்டிக்குள் வைத்தது. ஒரு காருக்கு வேண்டியதைவிடக் கூடுதலான உறுப்புகள் அதில் இருந்தன. எதை ஒட்டுவது, எதை ஒதுக்குவது என்று முடிவெடுக்காமல் வேலையை முடிக்க முடியாது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த இன்று, அதே பெட்டி திறக்கப்படாமல் இருந்தால்தான் நல்ல விலை போகிறது. அதைத் திறந்து, ரம்பத்தால் கூரையை அறுத்துத் தாழ்த்தி, தன் கையால் செய்த உறுப்புகளைப் பொருத்துகிறவரைப் பழம்பொருளை அழிப்பவராகப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர் அழிக்கவில்லை, அந்தப் பொருள் தொடங்கிவைத்த வேலையைத்தான் தொடர்கிறார் என்பது என் கட்சி.

எதிர்த்தரப்பின் வாதம் லேசானதல்ல. எஃகில் குடைந்து செய்யும் அச்சுக்குப் பெருஞ்செலவு ஆகும். அதனால் கார் நிறுவனங்கள் ஆண்டுக்கொரு முறை காரின் முகத்தை மாற்றியபோது, மாடல் நிறுவனங்களும் புது அச்சு செய்யாமல் பழைய அச்சையே திருத்தின. 1963-ன் கார் வந்ததும் 1962-க்கான அச்சு பல நேரம் இல்லாமலே போயிற்று. அப்படிப்பட்ட ஒன்றை வெட்டினால் அதற்கு ஈடு கிடையாது. கைபடாத கடைசிச் சில பெட்டிகளைக் காக்க நினைப்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பெட்டிக்குள்ளும் காலம் சும்மா இருப்பதில்லை. ரப்பர் போன்ற மென்மை வேண்டி டயரில் சேர்த்த ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், ஒட்டுப்படங்கள் பழுப்பேறும். தவிர, அந்தக் காலத்துக் கார்களில் ஏராளமானவை அன்றே சிறுவர்கள் பசையை அள்ளிப் பூசி ஒட்டி, விளையாடி, உடைத்தவை. ஏ.எம்.டி.யின் 1949 மெர்க்குரி போன்ற சில கிட்டுகளோ பழைய அச்சிலிருந்தே திரும்பத் திரும்ப வெளிவந்திருக்கின்றன. அரம் எடுக்கிறவருக்கு இவை போதும்.

கையால் ஓர் உறுப்பைச் செய்யும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. இந்தக் கார்களின் வழக்கமான அளவு ஒன்றுக்கு இருபத்தைந்து. ஐந்தேகால் மீட்டர் நீளமுள்ள அசல் மெர்க்குரி இங்கே 21 சென்டிமீட்டர். நீளத்தை இப்படி வகுத்துவிடலாம். எல்லாவற்றையும் வகுக்க முடியாது. அசல் காரின் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், மாடலில் அது 0.04 மில்லிமீட்டராக இருக்கவேண்டும். அந்தத் தடிமனில் பிளாஸ்டிக் உடல் நிற்காது. எட்டு மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக் வயருக்கு 0.32 மில்லிமீட்டர் கம்பி தேட வேண்டும். உலோகப் பொடி கலந்த கார் வண்ணத்தை அப்படியே அடித்தால், துகள்கள் சரளைக்கல்லாகத் தெரியும். எனவே அசலை அப்படியே சுருக்கிய உறுப்பு சில நேரம் பொய்யாகத் தெரிகிறது. கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ செய்தது மெய்யாகத் தெரிகிறது. எவ்வளவு கூட்டுவது, எதை விட்டுவிடுவது என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. பித்தளைக் கம்பியை வளைத்து ஒரு கதவுக் கைப்பிடி செய்ய முனைகிறவர், அதுவரை ஆயிரம் முறை பிடித்துத் திறந்த கைப்பிடியை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்: அது எங்கே தடிக்கிறது, எங்கே உடலோடு சேர்கிறது, அதன்கீழ் விரல் நுழைய எவ்வளவு இடம். காசு கொடுத்து வாங்கிய உறுப்பில் இந்தப் பார்வையை வேறொருவர் நமக்காகப் பார்த்து முடித்திருக்கிறார்.

இந்தப் பார்வை பெரிய கார்களையும் தொட்டிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் 1930 முதல் 1968 வரை நடந்த ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்ட் போட்டியில், பதின்வயதுப் பையன்கள் பலர் தாமே வடிவமைத்த கார்களின் மாதிரிகளைச் செதுக்கி அனுப்பினார்கள். 1947-ல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். டாம் டேனியல் வரைந்து மோனோகிராம் என்ற மாடல் நிறுவனம் வெளியிட்ட ரெட் பேரன் காரின் கதை இன்னும் விசேஷம்: பிளாஸ்டிக் மாடல்தான் முதலில் வந்தது, அதைப் பார்த்துத்தான் முழு அளவுக் கார் செய்தார்கள். ஆனாலும் வேலை கிடைக்கும், புகழ் கிடைக்கும் என்று சொல்லி இந்தக் கைவேலையை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஜோர்டனைப் போல் வென்றவர்கள் சிலரே; செதுக்கியவர்கள் எத்தனையோ பேர். வெல்லாத பையனும் ஒரு காரின் தோள் எங்கே வளையவேண்டும் என்று பல இரவுகள் யோசித்திருப்பான். அந்த யோசனை வீண்போனதாக என்னால் நினைக்க முடியவில்லை.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறது. கை எட்டாத நுணுக்கத்தில் என்ஜினையே அச்சடித்துத் தருகிறது, இனி அரமும் உப்புத்தாளும் எதற்கு என்று கேட்கலாம். கணினியில் தானே வரைந்து அச்சடிப்பவரும் என் கணக்கில் கையால் செய்கிறவர்தான். அவரும் கைப்பிடியைப் பார்த்தாக வேண்டும். கருவி எதுவானாலும் முடிவு யாருடையது என்பதைத்தான் நான் கேட்கிறேன். பாப் ஹிரோஹாட்டா என்பவரின் முழு அளவு 1951 மெர்க்குரியை, கார்களை அலங்கரித்து மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட பாரிஸ் சகோதரர்கள் மாற்றியமைத்தபோது, பக்கவாட்டு அலங்காரப் பட்டையை ஒரு பியூக் காரிலிருந்துதான் எடுத்தார்கள். கடன் வாங்கிய உறுப்புதான், ஆனால் அது அங்கே பொருந்தும் என்று கண்டது அவர்கள் கண். அதனால்தான் அந்தக் கார் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கிறது.

உடைந்த பழைய மாடல் ஒன்றைச் சீர்செய்ய எடுத்தால், முதலில் அதைப் பிரேக் ஆயிலில் ஊறவைத்துப் பழைய வண்ணத்தைக் கழற்றுவார்கள். அடியில் பிளாஸ்டிக் வெளிப்படும்போது, சில கார்களில் ஒரு விரல்ரேகையும் சேர்ந்து வெளிப்படும். அந்தக் காலத்துப் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும்; இளகிய இடத்தை ஒரு சிறுவன் அவசரமாக அழுத்தியிருப்பான். கூரையில் இருந்தால் அது பட்டிக்கும் உப்புத்தாளுக்கும் போகத்தான் வேண்டும். அடித்தட்டில் இருந்தால், அதன்மேல் மெல்லிய வண்ணம் மட்டும் அடித்து, புதிய அச்சுத்தண்டை அதற்குப் பக்கத்திலேயே பொருத்தச் சொல்வேன்.