ஈகையும் இழப்பும்

2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், சபா மாநிலத்தில் ‘இமான்’ என்னும் பெண் காண்டாமிருகம் மாண்டது. அதே ஆண்டு மே 27இல் ‘தாம்’ என்னும் ஆண் இறந்திருந்தது. மழைக்காட்டிலும் சேற்றுநிலத்திலும் நெடுங்காலம் வாழ்ந்த சுமத்திரா காண்டாமிருகம், இமானோடு மலேசிய மண்ணினின்று அற்றுப்போயிற்று. அன்று எந்தக் கடையும் அடைக்கப்படவில்லை. எவர் வீட்டு அடுப்பும் அணையவில்லை. அங்ஙனமாயின், இழந்ததுதான் யாது?

பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டோர் இதற்கு விடைகூற இயலாது. காடு நீரைக் காக்கிறது. காட்டின் விதைகளை விலங்குகள் பரப்புகின்றன. ஆதலின் அவற்றைக் காத்தல் வேண்டும் என்பர். உண்மையே. ஆயினும் அது கணக்கேயன்றி அறமன்று. அப்பணியை நாளை வேறொன்று செய்யுமாயின் விலங்கைக் கைவிடலாம் என்பதே அக்கணக்கின் முடிவாகும். முதுமையுற்ற பெற்றோரைப் பயன் கருதியா மக்கள் பேணுகின்றனர்? முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, அக்கொடியிடம் கைம்மாறு எதனையும் எதிர்பார்த்திலன். பற்றுக்கோடின்றி அது தவித்தமையே அவனுக்குப் போதிய காரணமாயிற்று.

எனினும், எதிர்வாதம் ஒன்றுண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. யானைக்கூட்டம் ஒரே இரவில் சிறுதோட்டக்காரர் ஒருவரின் வாழையையும் செம்பனைக் கன்றுகளையும் சிதைத்துவிடக்கூடும். நகரத்தில் அச்சமின்றி வாழ்வோர் அவருக்கு ஜீவகாருண்யம் போதித்தல் எளிது. ஆனால் பாரி ஈந்தது தன்னுடைய தேரை, அயலானுடைய தேரையன்று. பிறர் வயிற்றை ஒட்டவைத்துச் செய்யப்படும் ஈகை ஈகையாகாது.

ஆகவே, காட்டுயிரைக் காப்பதா, ஏழையைக் காப்பதா என்று வினவுதல் பிழை. காப்பதால் நேரும் இழப்பை யார் சுமப்பது என்பதே உரிய வினா. காடுகளை அழித்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழ்த் தொழிலாளர் கைகளும் அங்கு உழைத்தன. பசிக்காக உழைத்த அவர்மீது பழியில்லை. ஆயின், அவ்வுழைப்பால் விளைந்த செல்வத்தின் நிழலில் நாடு முழுவதும் வளர்ந்தது. நலனை அனைவரும் நுகர்ந்தனராதலின், இழப்பையும் அனைவரும் பகிர்தலே முறையாகும்.

மலேசிய நாட்டுச் சின்னத்தை இரு புலிகள் தாங்கி நிற்கின்றன. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்போ, காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவே எனக் காட்டியது. இமானுக்குப் பட்ட கடனை இனி எவராலும் தீர்க்க இயலாது. புலிக்குப் பட்ட கடனைத் தீர்க்க இன்னும் காலமிருக்கிறது; அதனைத் தன் பையிலிருந்து செலுத்துவோனே பாரியின் பெயரைச் சொல்லத் தகுதியுடையவன்.